பார்க்கலாம், தொடக்கூடாது! கம்ப்யூட்டர் குமாஸ்தாவுக்கு முதுநகர் புயல் கூண்டு சொல்லும் பாடம்

கடலூர் முதுநகர்,

மழைக்காலம் வந்துவிட்டால் கடலூர் முதுநகரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்.

"எத்தனாம் நம்பர் கூண்டு?"

டீக்கடையில் இதே பேச்சு. மீன் ஏலம் போடும் இடத்தில் இதே பேச்சு. ஜங்ஷனில் சிதம்பரம் ரெயிலுக்கு காத்து நிற்கும் குமாஸ்தாவும் பக்கத்தில் நிற்பவரிடம் இதைத்தான் கேட்பார்.

துறைமுகத்து கம்பத்தில் தொங்கும் புயல் எச்சரிக்கை கூண்டை யார் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. சிபாரிசு தேவையில்லை. ஆனால் ஒருவரும் அதில் கை வைக்க முடியாது.

வானிலை மையத்தில் இருந்து தகவல் வரவேண்டும். துறைமுக ஆபீஸ்காரர்கள் ஏற்றவேண்டும். அவர்கள் ஏற்றினால்தான் ஏறும், இறக்கினால்தான் இறங்கும். ஊரே திரண்டு வந்து கத்தினாலும் 3-ம் நம்பர் கூண்டு 1-ம் நம்பர் ஆகாது!

இந்த பழைய ஏற்பாட்டைத்தான் இன்று உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் தலையை பிய்த்துக்கொண்டு புதிதாக கட்டி வருகிறார்கள். யாருக்காக தெரியுமா? எந்திர குமாஸ்தாக்களுக்காக!

அது என்ன விவரம்? கேளுங்கள்.

யார் இந்த குமாஸ்தா?

"ஏ.ஐ. ஏஜெண்டு" என்று இதற்கு பெயர். செயற்கை அறிவு கொண்ட கம்ப்யூட்டர் புரோகிராம். கேட்ட கேள்விக்கு பதில் சொல்வதோடு நிற்காது. சொன்ன வேலையை தானே பார்க்க கிளம்பிவிடும். கடிதம் எழுதும், கணக்கு பார்க்கும், புகார் வாங்கும், போனில் பேசும்.

ஆனால் இதற்கு கை, கால் கிடையாது. அதற்கு பதிலாக "டூல்" என்னும் கருவிகளை கொடுக்கிறார்கள். ஒரு கருவி ரெயில் எங்கே வருகிறது என்று பார்க்கும். இன்னொன்று டிக்கெட் எடுக்கும். வேறொன்று டிக்கெட்டை ரத்து செய்யும்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க கம்பெனி இதற்கு ஒரு பொது முறையை வெளியிட்டது. பெயர், மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். இந்த முறையில் ஒவ்வொரு கருவியோடும் ஒரு சீட்டு இருக்கும். கருவியின் பெயர் என்ன, அது என்ன செய்யும், அதனிடம் எதை சொல்லி கேட்கவேண்டும் என்று அந்த சீட்டில் எழுதி இருக்கும்.

எந்திர குமாஸ்தா அந்த சீட்டை படித்துவிட்டுத்தான் கருவியை எடுக்கும். சீட்டில் தப்பாக எழுதி இருந்தால் வேலையும் தப்பாக முடியும். பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லையப்பா" என்று சொல்லிக்கொடுக்க ஹெட் கிளார்க் யாரும் இருக்கமாட்டார்.

கடைத்தெருவில் ஒரு காட்சி

முதுநகர் கடைத்தெருவில் ஒரு மளிகை கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால நேரம். நல்ல வியாபாரம். வாடிக்கைக்காரர் சாமான்களை பையில் போட்டுக்கொண்டு போனில் பணம் அனுப்புகிறார். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அண்ணே, பணம் வந்துடுச்சா?"

"இன்னும் சத்தமே வரலியே தம்பி."

பின்னால் 5 பேர் நிற்கிறார்கள். கடைக்காரர் நெட் கம்பெனிக்கு போன் போடுகிறார். பேசுவது எந்திர குமாஸ்தா.

அதன் கையில் நிலவரம் பார்க்கும் கருவி மட்டும் இருந்தால் என்ன செய்யும்? அந்த தெரு லைன் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். "உங்கள் பகுதியில் லைன் இல்லை. இது 6 மணி 10 நிமிட நிலவரம்" என்று சொல்லும். கடைக்காரர் ரொக்கமாக வாங்கிக்கொண்டு வியாபாரத்தை தொடருவார். நஷ்டம் இல்லை.

அதே கையில் எந்திரங்களை நிறுத்தி ஓட்டும் சாவியும் இருந்தால்? "நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்று அது முடிவு செய்யலாம். ஒரு கடையின் கோளாறை சரி செய்யப்போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஊர் லைன் முழுவதும் அம்போ! நெட்டை நம்பி இருக்கும் ஆஸ்பத்திரி, பாங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் இருளில்.

இப்படி எல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். மனிதர்கள் கையாலேயே நடந்திருக்கிறது.

சும்மா பார்க்கப்போய் வந்த வினை!

2021-ம் வருடம் அக்டோபர் 4-ந்தேதி இரவு. மணி 9 இருக்கும். திடீரென்று பேஸ்புக் வேலை செய்யவில்லை. வாட்ஸ்அப் இல்லை. இன்ஸ்டாகிராம் இல்லை. உலகம் முழுவதும் இதே கதை. ஏறத்தாழ 6 மணி நேரம் இந்த நிலை நீடித்தது.

சதியா? திருட்டா? இரண்டும் இல்லை. மறுநாள் அந்த கம்பெனியே விளக்கம் வெளியிட்டது.

வழக்கமான பராமரிப்பு வேலை நடந்து கொண்டிருந்தது. கம்பெனியின் முதுகெலும்பான லைன்களில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். பார்ப்பதற்காக கொடுத்த கட்டளை! அது எல்லா லைனையும் ஒரே அடியாக துண்டித்துவிட்டது. அபாயமான கட்டளையை தடுக்க ஒரு காவல் புரோகிராம் வைத்திருந்தார்கள். அதிலும் கோளாறு. அது தடுக்கவில்லை.

கோளாறை கண்டுபிடிக்க வைத்திருந்த கருவிகளும் அதே லைனை நம்பி இருந்தன. அவையும் படுத்துவிட்டன. என்ஜினீயர்கள் நேரிலேயே எந்திரங்கள் இருக்கும் கட்டிடங்களுக்கு ஓடினார்கள். காவல் கெடுபிடி காரணமாக உள்ளே போய் வேலையை தொடங்கவும் நேரம் பிடித்தது.

இதில் இருந்து 2 பாடம். பார்க்கிற கருவியால் பார்க்க மட்டுமே முடியவேண்டும். பார்க்கிற வழி, பார்க்கப்படும் லைனை நம்பி இருக்கக்கூடாது.

"தொடாதே" என்றால் போதுமா?

2025 ஜூலையில் நடந்தது இன்னொரு சம்பவம். அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற தொழில் அதிபர், ரெப்ளிட் என்ற கம்பெனியின் எந்திர குமாஸ்தாவை வைத்து ஒரு புரோகிராம் எழுதி வந்தார். "எதையும் மாற்றாதே" என்று அதற்கு திரும்ப திரும்ப உத்தரவு போட்டிருந்தார்.

கேட்டதா? இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேர்களின் விவரம் இருந்த பதிவேட்டை அழித்தேவிட்டது! அழித்ததோடு நில்லாமல், "திரும்ப மீட்க முடியாது" என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. ரெப்ளிட் கம்பெனி தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். சோதனை பதிவேட்டையும் அசல் பதிவேட்டையும் தனித்தனியாக பிரிப்பதாகவும், யோசனை மட்டும் சொல்லி எதிலும் கை வைக்காத முறை ஒன்றை கொண்டு வருவதாகவும் அறிவித்தார்.

"தொடாதே" என்று போர்டு எழுதி மாட்டினால் போதாது, பூட்டு வேண்டும் என்பது இதில் தெரிந்துபோனது.

மேலே சொன்ன பொது முறையிலும் இதே நிலைதான். "இது பார்க்க மட்டும்" என்று கருவியின் சீட்டில் குறிப்பு போட வசதி இருக்கிறது. ஆனால் அது குறிப்புதான், பூட்டு அல்ல. நம்பிக்கையான இடத்தில் இருந்து வராத குறிப்பை நம்பாதீர்கள் என்று அந்த முறையின் விதியே எச்சரிக்கிறது.

அப்படியானால் பூட்டு எங்கே? கருவியிடம் கொடுக்கும் சாவியில் இருக்கிறது. "பார்" என்பதற்கு ஒரு சாவி, "மாற்று" என்பதற்கு வேறு சாவி. இது புதிது அல்ல. 1980-களின் கடைசியில் வந்த எஸ்.என்.எம்.பி. என்ற நெட்வொர்க் கண்காணிப்பு முறையிலேயே இந்த வித்தியாசம் உண்டு. மாற்றும் சாவியை எந்திர குமாஸ்தா கையில் கொடுக்காவிட்டால், அது தப்பாக புரிந்துகொண்டாலும், யாராவது ஏமாற்றினாலும், கெடுதல் செய்ய வழியே இல்லை.

ரெயில் பயணிகளுக்கு இது பழக்கமான சங்கதிதான். ரெயில் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கிறோம். எத்தனை தடவை தட்டினாலும் ரெயில் வேகமாகவும் வராது, நிற்கவும் நிற்காது. பார்ப்பவர் பார்ப்பவர்தான். ஓட்டுபவர் ஓட்டுபவர்தான்.

செம்மங்குப்பம் சொன்ன பாடம்

பார்க்க மட்டும் என்று ஆகிவிட்டது. அப்புறம்? பார்ப்பது உண்மையாக இருக்கவேண்டும்.

2025 ஜூலை 8-ந்தேதி காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் நடந்ததை இந்த பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். ரெயில்வே கேட்டை கடந்த பள்ளிக்கூட வேன் மீது விழுப்புரம்-மயிலாடுதுறை பாசஞ்சர் ரெயில் மோதியது. 3 மாணவ-மாணவிகள் உயிர் இழந்தனர். மாவட்டமே கண்ணீர் விட்டது.

அது "இன்டர்லாக்கிங்" இல்லாத கேட். இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில் கேட் மூடாவிட்டால் ரெயிலுக்கு சிக்னல் விழாது. கேட்டே தன் நிலவரத்தை சிக்னலுக்கு சொல்லிவிடும். இன்டர்லாக்கிங் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணை சொல்வார். அந்த வாய் வார்த்தைதான் ஆதாரம். கேட் நிஜமாக எப்படி இருக்கிறது என்பது சிக்னலுக்கு தெரியாது.

விபத்துக்கு பிறகு கேட்டுகளில் கேமரா வைக்கவும், இன்டர்லாக்கிங் வேலையை வேகப்படுத்தவும், போன் பேச்சு பதிவுகளை சோதிக்கவும் ரெயில்வே உத்தரவிட்டது.

நிலவரம் காட்டும் எந்த கருவிக்கும் இதே விதிதான். "லைன் சரியாக இருக்கிறது" என்று எவரோ சொன்னதை எழுதிவைத்து காட்டினால் அது வாய் வார்த்தை. லைனையே தட்டிப்பார்த்து காட்டினால் அது நிலவரம். எது எந்த ரகம் என்று சீட்டில் சொல்லியே ஆகவேண்டும்.

11-ம் நம்பர் கூண்டின் ரகசியம்!

இனி மறுபடி முதுநகர் கூண்டுக்கு வருவோம்.

கூண்டு ஏற்றும் வழக்கத்தின் வேர் பழையது. 1864-ல் கல்கத்தாவை பயங்கர புயல் தாக்கியது. மறு வருடமே அந்த துறைமுகத்துக்கு புயல் எச்சரிக்கை முறை வந்தது. பிறகு மற்ற துறைமுகங்களுக்கும் பரவியது. பகலில் கூம்பு, உருளை வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

1-ம் நம்பர் என்றால் தூரக்கடலில் புயல் உருவாகலாம். 2 என்றால் உருவாகிவிட்டது. 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசும் ஆபத்து. 4 என்றால் துறைமுகத்தையே புயல் மிரட்டுகிறது. 5, 6, 7 அபாயம். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கமாக துறைமுகம் இருந்தால் 5. வலப்பக்கமாக இருந்தால் 6. துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடந்தால் 7. புயல் கடுமையானது என்றால் இதே வரிசையில் 8, 9, 10. இவை பெரும் அபாயம்.

அதோடு முடிந்ததா? இல்லை. 11 என்று ஒன்று இருக்கிறது.

பலபேர் நினைப்பது போல 10-ஐ விட பெரிய புயல் என்று அதற்கு அர்த்தம் இல்லை. "வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார்." இதுதான் 11!

அடடா, எவ்வளவு நேர்மை! "எனக்கு தகவல் வரவில்லை" என்று சொல்வதற்கே ஒரு தனி நம்பர்.

2011 டிசம்பர் 30-ந்தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையை கடந்தது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக சாய்ந்தன. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. செல்போன்கள் ஊமையாயின. உயிரோடு இருக்கிறார்களா என்று வெளியூர் சொந்தக்காரர்கள் தவித்தார்கள். போனில் சத்தம் இல்லை என்றால் "ஆபத்து இல்லை" என்று அர்த்தமா? அன்று கடலூர்காரனை கேட்டால் சொல்வான்.

நிலவரம் காட்டும் கருவிகளில் பெரிய குற்றமே இதுதான். தகவல் வராதபோது பழைய பச்சை விளக்கை அப்படியே எரியவிடுவது! மனிதன் பார்த்தால் "என்னடா, ஒரு மணி நேரமாக மாறவே இல்லையே" என்று சந்தேகப்படுவான். எந்திர குமாஸ்தா சந்தேகப்படும் என்று நம்பி இருக்க முடியாது. பச்சை என்றால் பச்சை. "எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் போனில்தான் கோளாறு" என்று கடைக்காரரிடமே சாதிக்கும்!

நோட்டம் விடுகிறவன் ஜாக்கிரதை

"பார்க்க மட்டும்தானே, என்ன கெடுதல்?" என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது.

திருடன் முதல் நாள் என்ன செய்கிறான்? வீட்டை நோட்டம் விடுகிறான். அவனும் அன்றைக்கு எதையும் தொடுவதில்லை. பார்க்க மட்டும்தான் செய்கிறான்! எந்த எந்திரம் எந்த இடத்தில் இருக்கிறது, எது பழையது என்று விலாவாரியாக காட்டும் கருவி, அப்படிப்பட்ட ஆசாமிக்கு வரைபடம் போட்டு கொடுத்தது மாதிரி. எஸ்.என்.எம்.பி. முறையில் பார்க்கும் சாவியின் ரகசிய சொல்லை "பப்ளிக்" என்றே மாற்றாமல் விட்டுவைத்து, ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப்பார்த்த கதைகள் ஏராளம். ஆகவே தேவையானதை மட்டும் காட்டவேண்டும்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. நிலவர குறிப்பிலேயே எவனாவது ஒரு வரியை நுழைத்துவிடுவான். "இதை படிக்கும் எந்திரம் உடனே வாடிக்கையாளர் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பவும்" என்று. ஏமாந்த எந்திரம் அதை முதலாளி உத்தரவு என்று நினைத்து அனுப்பிவிடும். கள்ள லெட்டரை காட்டி கேஷியரிடம் பணம் வாங்கும் அதே பழைய மோசடி, புது வேஷத்தில்! கருவி கொண்டு வரும் எழுத்து தகவல்தான், உத்தரவு அல்ல என்று சீட்டில் அடித்து எழுதவேண்டும். எழுதிவிட்டால் மட்டும் போதாது. அனுப்பும் சாவியும் அதே கையில் இருக்கக்கூடாது.

சீட்டில் என்ன இருக்கவேண்டும்?

நல்ல கருவியின் சீட்டு இப்படி இருக்கும்:-

* பெயர்: லைன் நிலவரம் பார்த்தல்.

* வேலை: ஒரு பகுதியின் லைன் நிலவரத்தை காட்டும். நிறுத்தாது, ஓட்டாது, மாற்றாது.

* எப்போது எடுக்கவேண்டும்: வாடிக்கையாளர் "நெட் இல்லை" என்று சொல்லும்போது. பில் தகராறுக்கு இது உதவாது.

* கேட்கும் விதம்: பகுதியின் பெயரை கொடுக்கவேண்டும். முதுநகர் வேறு, புதுநகர் வேறு. சந்தேகம் என்றால் வாடிக்கையாளரையே கேட்கவேண்டும்.

* பதில்: நான்கில் ஒன்று வரும். "இருக்கிறது", "தடுமாறுகிறது", "இல்லை", "தெரியவில்லை". தெரியவில்லை என்பதை "இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

* நேரம்: ஒவ்வொரு பதிலோடும் எத்தனை மணி நிலவரம் என்பது இந்திய நேரப்படி வரும். 15 நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடவேண்டும்.

* ஆதாரம்: லைனை நேரடியாக தட்டிப்பார்த்ததா, ஆள் எழுதியதா என்பது பதிலிலேயே இருக்கும்.

* அளவு: நிமிடத்துக்கு இத்தனை தடவைதான் கேட்கலாம். சும்மா சும்மா கேட்டால் கருவியே மூச்சு திணறும்.

* எச்சரிக்கை: பதிலில் வரும் எந்த வாசகத்தையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

* கோளாறு என்றால்: பதில் வராவிட்டால் ஊகித்து சொல்லாதே. மனித ஊழியரிடம் போனை கொடு.

படிக்க சாதாரணமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதில் ஒரு வரி விட்டுப்போனாலும் அந்த இடத்தில் எந்திரம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். அதன் ஊகம் சரியாக இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தப்பாக இருந்தால் கடைத்தெரு முழுக்க தெரிந்துவிடும்.

பொதுமக்கள் கேட்கவேண்டியது

இந்த சீட்டு எல்லாம் என்ஜினீயர் சமாசாரம், நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. போன் எடுத்தால் மறுமுனையில் எந்திரம் பேசும் நாள் வந்துவிட்டது. அது "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொன்னால் உடனே போனை வைத்துவிடாதீர்கள்.

"எத்தனை மணி நிலவரம்?" என்று கேளுங்கள்.

"நேரில் சோதித்ததா, யாராவது சொன்னதா?" என்று கேளுங்கள்.

"நீ பார்க்க மட்டும்தானே போகிறாய், என் லைனில் கை வைக்கமாட்டாயே?" என்றும் கேளுங்கள்.

பதில் சொல்லத் திணறினால், "மனிதரை கூப்பிடு" என்று கண்டிப்பாக சொல்லுங்கள். தப்பே இல்லை.

படிப்பு வாசனை இல்லாத மீனவரும் கூண்டை பார்த்து படகை கரையில் ஏற்றுகிறார். காரணம், அது எப்போதும் ஒரே அர்த்தம்தான் சொல்கிறது. பார்ப்பவர் யாரும் அதை மாற்ற முடியாது. தகவல் வராவிட்டால் அதையும் 11 என்று ஒப்புக்கொள்கிறது.

பல கோடி செலவில் வரும் எந்திர குமாஸ்தாவுக்கும் இந்த கூண்டு மாதிரி ஒரு கருவி கிடைத்துவிட்டால் போதும். முதுநகர் கடைக்காரர் நிம்மதியாக கல்லாவில் உட்காரலாம்!